கணினி நிற்காத இடம்

அண்ணனுக்கு,

"வாய்க்கால் தூர்வாரச் சொல்லி ஒரு மனுதாம்மா. எழுத்துப்பிழை மட்டும் பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடு" என்று நீங்கள் அனுப்பியதைத் திறந்தேன்.

எஃப்7 விசையை அழுத்தினால் கணினி தப்பான சொற்களில் மட்டும் நின்று எனக்கு வாசிக்கும் என்று உங்களிடம் முன்பு சொல்லியிருந்தேன். கன்ட்ரோல் விசையோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பத்தி பத்தியாக எல்லாவற்றையும் வாசிக்கும். அதை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கணினி வாசித்தது மனு இல்லை. நீடாமங்கலம் நஞ்சையில் என் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். கண் தெரியாதவளுக்கு வயல் எதற்கு என்று நினைத்தீர்களா? அந்த வரப்பில் உங்கள் கையைப் பிடிக்காமல் நடந்தவள் நான்.

கேட்டபடி ஒன்பது பிழைகளைத் திருத்திவிட்டேன். 'முழுச் சம்மதத்துடன்' என்ற இடத்தில் பிழை என்று கணினி நிற்கவே இல்லை. அதை நான்தான் அழித்தேன்.

என் கையெழுத்து இந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் தங்கை