காப்பியில் வெந்த கிருமிகள்

செவ்வாய், இரவு

இவரை என்ன சொல்லித் திட்டுவதென்றே தெரியவில்லை. காலையில் சுகர் டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். குடலில் நல்ல பாக்டீரியா இருக்கிறதாம். கீரை, அவரைக்காய், ராகி என்று நார்ச்சத்து உள்ளே போனால்தான் அது பெருகுமாம். அது நன்றாக இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவும் உதவுமாம். என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது பாக்டீரியா மட்டும்தான். திரும்பும் வழியில் மெடிக்கலில் இறங்கி, நல்ல பாக்டீரியா அடைத்த கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் ராகிக் களியை உருட்டி முத்தேயும், கீரை மசியலும் வைத்தேன். தட்டை ஒதுக்கினார்.

"அதான் கேப்ஸ்யூல் இருக்கே. எனக்கு முத்தே பேடா, வேண்டாம்."

சாயங்காலம் ஃபில்டர் காப்பி கொடுத்தேன். கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியை ஆவி பறக்கும் காப்பியில் கொட்டிக் கலக்கினார்!

"என்ன பண்றீங்க? அது உயிரோட இருக்கிற கிருமி. வெந்து செத்துடாதா?"

"சும்மா இரும்மா. முழுசா விழுங்கினா தொண்டையில நிக்குது."

குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. வந்த கோபத்தில் மிச்சக் கீரையை நின்றபடியே நான் வழித்துத் தின்றேன். என் குடலாவது நன்றாக இருக்கட்டும்.

காப்பிக்காக மட்டும் நான் கத்தவில்லை. கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறார். இன்று துவைக்கும்போது பார்த்தேன், கட்டைவிரல் பக்கம் ரத்தமும் சீழும். காலையில் டாக்டரிடம் இவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. படுக்கும்போதும் சாக்ஸ் எதற்கு என்று இப்போது கேட்டேன்.

"குளிருது" என்கிறார், ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு.