செவந்தி விழுங்கிய கார்

அக்கா,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். கடைக்கு வரும் கடிதங்களையே நீங்கள் படிக்க மாட்டீர்கள். உறையைக்கூடப் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, "இதுல என்ன சொல்றான், ஒரே வரில சொல்லு" என்பீர்கள். எனக்கும் ஒரே வரியில் அடங்கும் விஷயம்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு கேள்வி. வாய் திறந்து ஒன்றைக் கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில் கேட்கிறேன்.

இன்று காலை கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டைத் திறந்து உங்கள் காரின் பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டர்களின் நான்கு குழல் வாயிலும் நீங்கள் அடைத்து வைத்த சாரின் பழைய சாக்ஸ் அப்படியே இருந்தன. இரண்டு நீலம், ஒன்று பழுப்பு, இன்னொன்று உங்கள் கல்யாண வரவேற்புக்கு அவர் போட்டது என்று நீங்கள் சொன்ன வெள்ளை. ஒவ்வொன்றாக உருவினேன். நீங்கள் எங்களை விட்டுப் போன மாசியிலிருந்து உள்ளேயே தங்கியிருந்த பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். கையில் நான்கு சாக்ஸுடன் நின்றதில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் நாள் உங்கள் கடைக்கு வந்தபோது எனக்கு எதற்கும் சிரிப்பு வராது. எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும்போதெல்லாம் "வேலை கெடச்சுதா கண்ணு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை என்று ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் மரியாதையாகவே கேட்டார்கள். மைசூரில் உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். என்ன பார்ட் வேண்டும் என்று கேட்டீர்கள். வேலை வேண்டும் என்றேன். உங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா. வேலைதானே கேக்கற, என் வளையலயா கேக்கற?"

கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காபி சொல்லி, எனக்கு 'இஞ்சினியரம்மா' என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். உங்களை அக்கா என்றும் உங்கள் வீட்டுக்காரரை சார் என்றும் நான் கூப்பிட்டது உங்களுக்குப் பெரிய வேடிக்கை. "ஹௌதா, அப்படியா? அவரு சாரு, நான் அக்காவா? கடைய நடத்தறது நானு" என்று யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவீர்கள்.

சாயங்காலம் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அந்தக் காரைக் காட்டினீர்கள். குடகில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடையும் இடமாக இருந்ததை நீங்கள் பிடிவாதமாக வாங்கி வந்த கதையைச் சொன்னீர்கள். இரண்டே கதவு, இடுப்பளவு உயரம், பாகற்காய்ப் பச்சை. ஸ்போர்ட்ஸ் காரை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பிரியர்கள் கூடி, கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நீங்கள் இரண்டு முறை போயிருந்தீர்கள். இரண்டு முறையும் பாதியில் நின்றுபோய், நீங்களே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். ஓடியவர்களைவிட உங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று சார் சொன்னார். அந்தக் கைதட்டலைத்தான் உங்களால் மறக்க முடியவில்லை.

"மூணாவது தடவையும் தள்ளிட்டு வந்தேன்னா, இத வித்துடறேன்" என்று கடையில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். சார் உடனே சரி என்றார். அவர் சரி சொன்ன வேகத்தில் உங்களுக்கு வந்த கோபம் அந்த வாரம் முழுவதும் தணியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இஞ்சினை என் கையில் கொடுத்தீர்கள்.

அந்த இஞ்சின் மூக்கடைப்பு வந்த மனிதனைப் போல மூச்சுக்குத் திணறியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்பும் ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் வரவழைத்த இரட்டைக் குழல் கார்புரேட்டர்கள் இரண்டைப் பக்கவாட்டில் பொருத்தினேன். காற்று உள்ளே போக, சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு குழல்கள், நாதஸ்வரத்தின் முனைபோல விரிந்து, வரிசையாகப் பளபளத்தன. புகை வெளியேறுவதற்கும் நான்கு தனிக் குழாய்கள். நான்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று நான் கோடு போட்டுக் கொடுக்க, சந்து முனை வெல்டர் குழாய்க்குள் மணலை அடைத்து, பழுக்கக் காய்ச்சி, நசுங்காமல் வளைத்துக் கொடுத்தார். சைலன்ஸர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று நீங்கள்தான் அடம்பிடித்தீர்கள். எதிர் வரிசைக் கோழிக்கடையில் அத்தனை கோழிகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. தையற்கடைக்காரர் ஊசியோடு வெளியே வந்தார். நீங்கள் கண்ணை மூடி நின்றீர்கள். "சத்தம் நல்லாயிருந்தா பாதி வேல ஆச்சு" என்றீர்கள். மீதிப் பாதி என் தலையில்.

நாம் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை போட்டோம். கார்புரேட்டருக்குள் காற்று நெருங்கிப் போகும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. பெரியது போட்டால் இஞ்சின் உச்ச வேகத்தில் பாடும், மெதுவாகப் போகும்போது இருமும். நடு அளவு போட்டால் எங்கும் ஒழுங்காக ஓடும், உச்சியில் கொஞ்சம் அடங்கும். நடு வளையம்தான் புத்திசாலித்தனம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்கள் கணக்கைப் பார்க்கவே இல்லை. "கீழ எப்படி இருந்தா என்ன? நான் கீழ எப்ப ஓட்டறேன்?" என்றீர்கள். அது உண்மைதான். உங்கள் காலுக்கு ஆக்ஸிலரேட்டரில் இரண்டு நிலைதான் தெரியும். பெரிய வளையத்தையே போட்டேன். சந்துக்குள் சிவப்பு விளக்கில்லாத இடத்திலும் அது இருமி நிற்கும். நீங்கள் உறுமவிட்டுக் கிளப்புவீர்கள். முன்னால் போகும் ஸ்கூட்டர்காரர் தானாக ஒதுங்குவார்.

பிறகு டியூனிங். நஞ்சன்கூடு ரோட்டில் நீங்கள் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே கிளச்சை மிதித்து இஞ்சினை அணைப்பீர்கள். சத்தமில்லாமல் உருண்டு ஓரமாக நிற்கும். நான் இறங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு, சுடச்சுட ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், பிஸ்கட் நிறம் இருந்தால் சரி. சாமராஜநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் இரண்டு பெண்கள் ரோட்டோரம் என்ன பொறுக்குகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கை ஆட்டுவீர்கள். நான் குனிந்துகொள்வேன். நான்கு பிளக்கும் பிஸ்கட் நிறத்துக்கு வந்த நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்.

பூஜைக்கு அம்மாவைக் கடைக்கு அழைத்து வரச் சொன்னீர்கள். ஹனூர்ப் பக்கத்துக் கொங்குப் பேச்சை அம்மா மைசூருக்கு வந்தும் விடவில்லை. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அதுவரை அவருக்குச் சரியாகப் புரிந்ததும் இல்லை. நீங்கள் பானெட்டைத் தூக்கி, இது எல்லாம் உங்கள் பெண் செய்தது என்றீர்கள். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். புகைக் குழாய்களுக்கு விபூதிப் பட்டை. அந்த நான்கு குழல்களிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த நாலு வாயும் பூ வெக்கறதுக்குங்களா அம்மணி?"

"ஆமாம்மா, உங்க பொண்ணு அதுக்குன்னேதான் செஞ்சா. வைங்க" என்றீர்கள்.

நான் ஏதோ சொல்ல வந்தேன். நீங்கள் "சும்னிரு" என்று என் கையை அழுத்தினீர்கள். அம்மா கூடையிலிருந்து பெரிய செவந்திகளாகப் பொறுக்கி, விழாமல் இருக்க நன்றாக அழுத்தி, வாய்க்கு ஒன்றாகச் செருகினார். ஒரு மகாராணிக்கு அலங்காரம் செய்ததைப்போல இருந்தது. பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது, அதனால் இஞ்சினை யாரும் கிளப்பவில்லை. மறுநாள் காலை பூக்களை நீங்களே எடுத்தீர்கள். நான் தொட்டால் அம்மா வருத்தப்படுவார் என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்துக்குப் போகும் வழியிலேயே கார் நொண்டியது. மூன்று காலில் நடக்கும் மாடு மாதிரி. அங்கே போய் நிறுத்தியதும் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்டென்சர் என்றார், ஒருவர் கலப்படப் பெட்ரோல் என்றார். ஒரு கார்புரேட்டரில் ஓடியதை இரண்டாக்கினால் இப்படித்தான் ஆகும் என்றார் இன்னொருவர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தள்ளுவதற்கு அப்போதே தயாராக இருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் முகம் மாறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே அதை விற்றுவிட்டவர் மாதிரி நின்றீர்கள்.

நான் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று பிஸ்கட் நிறம். ஒன்று மட்டும் கண்மை போலக் கறுப்பு. உங்கள் காதருகில் வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஏன் சொல்ற? எனக்குப் புரிஞ்சா உன்ன ஏன் வெச்சிருக்கேன்? அவங்களுக்குச் சொல்லு."

குனிந்து பிளக்குகளைத் துடைக்கத் தொடங்கினேன். ஆனால் உங்கள் கை இன்னும் அந்தக் கூரைமேல் இருந்தது. மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று போகவில்லை, யாரும் வேறு எதையும் தொடவேண்டாம், குழலைக் கழற்றப் போகிறேன் என்று கன்னடத்தில் உரக்கச் சொன்னேன். எல்லாரும் ஒதுங்கினார்கள். நான் சொல்லி ஆட்கள் ஒதுங்கியது அதுதான் முதல் தடவை. குழலைக் கழற்றி விரலை விட்டால், வளையத்துக்கு முன்னால் பச்சைக் காம்பும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் இதழ்களுமாக அம்மாவின் செவந்தி, பெட்ரோலில் நனைந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் இழுத்தபோது மேல்பாதிதான் கையோடு வந்திருக்கிறது.

நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். கண்டென்சர் என்றவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்தக் காம்பை என் கையிலிருந்து வாங்கி, பெட்ரோல் வாசனையோடு தலையில் செருகி, மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தீர்கள். பெரிய வளையத்தோடு அந்த இஞ்சின் உச்சிக்குப் போனபோது எழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பட்டியலின் நடுவில் எங்கோ வந்தீர்கள். யாரும் தள்ளவில்லை. திரும்பி வந்து இறங்கியபோது கைதட்டியது சார் மட்டும்தான், அதுவும் நீங்கள் பார்க்காதபோது.

ஓடிச்சா என்று அம்மா கேட்டதற்கு, "உங்க பூவத் தின்னுட்டுத்தான் ஓடுச்சு" என்றீர்கள். சாமி ஏத்துக்கிடுச்சு என்று அம்மா கும்பிட்டார். மறுநாளே குழல்களுக்கு சாக்ஸ் வந்துவிட்டன.

இப்போது கல்லாவில் நான் இருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் வந்து, எதற்கோ தயங்கி நின்றாள். சத்தமாகச் சொல்லும்மா என்றேன். சொன்ன பிறகுதான் யார் குரல் அது என்று உறைத்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டம். சார் நேற்று சாவியை என்னிடம் கொடுத்து, "நீ ஓட்டு. ஆனா இஞ்சின்ல எதையும் மாத்தாத, அவ கேட்ட மாதிரியே இருக்கட்டும்" என்றார். பழைய பெட்ரோலை வடித்து, பேட்டரி சார்ஜ் போட்டு, கார்புரேட்டரைக் கழுவி, இன்று சாயங்காலம் நஞ்சன்கூடு ரோட்டுக்குக் கொண்டுபோனேன். என் கால் மெதுவானது, அக்கா. நான் மிதிக்கும் இடத்தில் எல்லாம் அது இருமுகிறது. உங்களைப்போல ஓட்டிப் பார்த்தேன். ஒரு தென்னை மரம் மிக அருகில் வந்துவிட்டது. இப்படியே போனால் ஞாயிறன்று பாதியில் நின்று, நான்தான் தள்ளிக்கொண்டு வருவேன். திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் பானெட்டின் தூசியைத் துணியால் துடைத்தார். "என்னால சொல்ல முடியலம்மா. அவளையே கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் பெரிய வளையங்களை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைப்பேன். என் கால் என்றாவது உங்கள் அளவுக்குத் துணிந்தால் திரும்ப மாட்டுவேன். அதுவரை சத்தம் உச்சியில் கொஞ்சம் அடங்கியிருக்கும். உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

நடு வளையத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா, அக்கா?