உன் அண்ணன் இளைத்த கதை

கயானி,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு ஓய்லிக்கு,

அண்ணி ஹில்க்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். உங்கள் ரொவனியெமியில் குளிர் இன்னும் விட்டிருக்காது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் கால் வலிக்கிறதா, வாய்க்கு ஏதாவது பிடிக்கிறதா என்று மறைக்காமல் எழுது. போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன் அண்ணி" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்சிங்கியிலிருந்து டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உன் அண்ணன் தைஸ்தோ உனக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம். சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டார். உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே சொன்னாய், "அண்ணன் இருக்கற உடம்புக்குக் கத்தி வெச்சா தாங்குமா அண்ணி? எனக்காக அவர் போய்ச் சேர வேணாம்" என்று. அப்போது கனத்த கம்பளிச் சட்டைக்குள் இருந்தவரை நீ சரியாகப் பார்க்கவில்லை. அதனால் இதை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொல்.

முதல் தடவை போனபோது டாக்டரும் நீ சொன்னதைத்தான் சொன்னார். ரத்தம் பொருந்துகிறது, ஆனால் இந்த எடையோடு கத்தி வைக்க மாட்டேன், கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மரம் ஏற்றும் லாரியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே இருந்து, பெட்ரோல் பங்க்கில் கிடைத்த சாசேஜையெல்லாம் தின்று வளர்த்த தொப்பை அது. உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த சோதனைக்கு முந்தைய வாரம் முழுக்க வெறும் காப்பி. கடைசி நாள் சௌனா நீராவி அறையில் போய் உட்கார்ந்துகொண்டு, சூடான கல்லில் தண்ணீரை ஊற்றி ஊற்றி வியர்த்தார். நம் ஆட்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் சௌனா மருந்தாயிற்றே. நான் கதவைத் தட்டினால், "எடை இறங்குது, தொந்தரவு பண்ணாதே" என்று உள்ளேயிருந்து சத்தம்.

எடை இறங்கித்தான் இருந்தது. ஆனால் ரத்தச் சோதனையைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "தங்கச்சிக்குக் குடுக்கப்போற சிறுநீரகத்தையே வாட்டி வெச்சிருக்கீங்களே! போனது கொழுப்பில்ல, தண்ணி. குடிச்சதும் திரும்பி வந்துடும்" என்று பிடித்த பிடியில், அத்தனை பெரிய மனுஷன் தலையைத் தூக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் பாதி வழியில் சொன்னார், "பட்டினி கிடக்க எனக்குத் தெரியுது ஹில்க்கா. சாப்பிடத்தான் தெரியல. நீ சொல்லிக்குடு."

பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில் தினமும் ஒரு மாதிரித் தட்டு வைப்பேன். பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்கு உருளைக்கிழங்கு, மீதியில் மீனோ கறியோ, பக்கத்தில் கறுப்பு ரை தானிய ரொட்டி. அதையே வீட்டில் அவர் முன்னால் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஊரான் பிள்ளைங்களுக்கு இந்தத் தட்டு, புருஷனுக்கு மட்டும் இத்தனை வருஷமா வெண்ணெய்க் குழம்பா?" என்றாரே பார்க்கலாம். பிள்ளைகள் இவரளவுக்கு அடம்பிடிப்பதில்லை என்று நானும் விடாமல் சொன்னேன்.

லாரியில் இப்போது கேரட், அவித்த முட்டை, ஒரு புட்டி மோர். கூட வேலை செய்கிறவர்கள், "என்னடா, வண்டிக்குள்ள முயல் வளக்கறியா?" என்று கேட்கிறார்களாம். காப்பியோடு ஏலக்காய் பன் சனிக்கிழமை மட்டும், ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கினால் மனுஷன் ஓடிவிடுவார் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் ரைலியே விட்டுவிட்டாள்.

சாயங்காலமானால் இரண்டு கையிலும் பனிச்சறுக்குக் குச்சி ஊன்றி ஏரியைச் சுற்றி நடை. முதல் கோடையில் பக்கத்து வீட்டு உர்போ வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "ஏம்பா தைஸ்தோ, பனிச்சறுக்குக் கட்டையை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டியா?" என்று தினமும் கேட்டான். இவர் நிற்கவே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் கட்டையையும் மாட்டிக்கொண்டு போனார். உர்போ பின்னாலேயே போய் மூச்சு வாங்கித் திரும்பி வந்தான். நான் ஜன்னலில் நின்று சிரித்த சிரிப்பு அவனுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்!

இடையில் ஒரு மாதம் தராசு முள் அசையவில்லை. மறுபடி சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். ரைலி இடுப்பை அளந்து காட்டி, கொழுப்பு கரைந்த இடத்தில் தசை வந்திருக்கிறது, பொறுங்கள் என்றாள். பொறுத்தார். உன் அண்ணன், ஓய்லி, எதற்கும் பொறுக்காத உன் அண்ணன்!

இப்போது பூட்ஸ் கயிற்றை அவரே குனிந்து கட்டுகிறார். முன்பு நான்தான் மண்டியிட்டுக் கட்டுவேன், இதை வெளியில் சொன்னதில்லை. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஈரலில் படிந்திருந்த கொழுப்பு குறைந்துவிட்டதாம். இப்படியே போயிருந்தால் எந்த வளைவில் லாரியோடு சாய்ந்திருப்பாரோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. உனக்காகத்தான் இதில் இறங்கினார், ஆனால் பிழைத்தது அவர். நீ கொடுத்த உயிருக்குத்தான் அவர் திருப்பிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள். என் புருஷனைப் பற்றி நானே பெருமை பேசுகிறேன். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது.

டாக்டர் கூப்பிட்ட அன்று, போனால் போகிறது, இன்றைக்கு ஒருநாள் என்று சாசேஜைச் சுட்டுத் தட்டில் வைத்தேன். தள்ளிவிட்டார். "என் உடம்புன்னா சாப்பிட்டுருப்பேன். உள்ள ஓய்லியோட பொருள் இருக்கு. அவ வந்து வாங்கிக்கற வரைக்கும் நான் காவல்காரன்தான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நீ மாட்டேன் என்றால் அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருந்தால் நீயே வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். இல்லையென்றால் நாளைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடம்மா. நீ நெடுநாள் இருக்க வேண்டும். உன் பொருள் இங்கே பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி ஹில்க்கா