எங்கள் வீட்டு மன்றாட்டு

சாக்கோட்டை

சேசு, மரி, சூசை மூவரும் உன் பக்கத்தில் இருப்பார்களாக.

அன்புப் பேரன் பிரிட்டோவுக்கு அப்பத்தா சூசையம்மாள் எழுதுவது. முதலில் நல்ல சேதி. உன் அக்கா ஜெசிந்தாவுக்குத் திருப்பத்தூரில் பேங்க் வேலை நிரந்தரமாகிவிட்டது. தங்கச்சி கிளாரா நர்சிங்கில் காலேஜுக்கே முதல். மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன் அத்தை மகன் அமலன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறான். இந்தக் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான் ஒருத்திதான். அதுவும் எனக்குப் பெருமைதான்.

நீ ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போவதைச் சொல்லி, விலாசத்தை உன்னோடு படித்த ராமநாதன்தான் எழுதிக் கொடுத்தான். முந்தாநாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டேன். அவனைக் கோபிக்காதே.

அப்பு, எனக்கு அசதியாக இருக்கிறது. சாமியாராகப் படிக்கப் போன நீ குருமடத்தை விட்டு வந்த அன்று உங்கப்பன் வாசலிலேயே நிறுத்தி ஏசினதும், நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனதும்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அதிலிருந்து பொழுது சாய்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன் மணி அடித்தால் என்ன சேதியோ என்று எடுக்கவே பயம். டாக்டர் இது பதட்டம் என்று மாத்திரை கொடுத்தார். போட்டால் உடம்பு தூங்குகிறது, மனசு விழித்தே கிடக்கிறது. பூசைக்குப் போவதையும் விட்டேன். “பிரதர் எப்ப சாமியாராவாக?” என்று உன்னைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களே.

தெருவில் வீடு வீடாகக் கூடிச் செபம் சொல்லும் அன்பியக் கூட்டம் இந்த மாதம் நம் வீட்டு முறை. தள்ளிப் போட முடியவில்லை. தெருக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். படகு கவிழப் பார்க்கும்போது ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்கினாரே, அந்த வாசகத்தைப் படித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மன்றாட்டுச் சொல்லும் நேரத்தில் வழக்கம்போல் ஜெசிந்தா, கிளாரா, அமலன் மூவருக்கும் நன்றி சொல்லி முடித்தேன். தெரசா டீச்சர் விடவில்லை. “என்னக்கா, நன்றி சொல்லியே ஆண்டவரு வாய அடைக்கிறீக. கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையாக்கும்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. “எம்பேரன் பிரிட்டோ எங்க சாப்புடுறானோ, எங்க படுக்குறானோ, இந்த வாசல்ல வந்து நிக்கணும் ஆண்டவரே” என்று சொல்லிவிட்டேன்.

யாரும் துருவிக் கேட்கவில்லை. ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சேர்ந்து சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகு அடுப்படியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் தனியாக அதையே சொன்னது. உங்கப்பன் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னாள். நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று இருந்துவிட்டேன். இப்போது சாயங்காலமானால் டீச்சர் செபமாலை சொல்ல வந்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கம்மாளும் வருகிறாள். அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். “எனக்கு உங்க செபம் வராது. சும்மா உக்காந்திருக்கேன், வெரட்டாதீக” என்கிறாள். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பொழுது சாயும்போது வரத்தான் செய்கிறது. ஆனால் வரும்போது நான் தனியாக இல்லை. நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது. சோறும் இறங்குகிறது.

நீயும் அங்கே தனியாக இருக்காதே. கோயிலுக்குப் போக வெட்கமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார். ஆண்டவர் உன்னை அங்கியைப் பார்த்துக் கூப்பிடவில்லை.

நடுவீட்டில் நீ வெள்ளை அங்கி போட்டு நிற்கிற படத்தை நான் கழற்றவில்லை. அது அப்போதைய பிள்ளை. இப்போது கம்பெனிக்குப் போகிற சட்டையோடு, முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பக்கத்தில் மாட்ட வேண்டும். ஆணியை உங்கப்பன் நேற்றே அடித்துவிட்டான்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு,
அப்பத்தா