அடைத்து வைத்த காற்று வாய்கள்

அத்தான்,

இன்று அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. கோடை முழுக்கக் குழாய்களுக்குள் படிந்து கிடந்த தூசு, முதல் குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸைப் போட்டவுடன் ஒரேயடியாகக் கருகுகிற மணம். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கீழே நிலவறையில், பேஸ்மன்றில், நெருப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு விசிறி சுற்றத் தொடங்கியது. இனி எப்போது நிற்கப்போகிறது என்று காது தன்பாட்டில் காவல் இருந்தது.

“என்ன தம்பி, வாசலிலையே நிக்கிறாய்? வந்து இரன்.”

“உது இடையிலை நிக்காமல் ஓடுதோ?”

“எது, ஹீற்றிங்கோ? அது எவ்வளவு காலமா ஒழுங்கா ஓடுது. நீ இரு, தேத்தண்ணி போடுறன்.”

நான் இருக்கவில்லை. அக்கா தேத்தண்ணி ஊற்றும்வரை குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டிலும் இப்படித்தான். ஃபேர்னஸ் ஓடும்போது என்னால் ஓரிடத்தில் இருந்து ஒரு பேப்பர் வாசிக்க முடிவதில்லை. இந்த வியாதியை எனக்குத் தந்தது நீங்கள்தான்.

உங்களுக்கு எழுதவேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். நான் கதிரைகளை அடுக்கினேன், தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினேன், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிறந்தநாள் விழாவிலிருந்துதான் தொடங்கவேண்டி வந்திருக்கும்.

உங்களுக்கு அது ஞாபகம் இருந்திருக்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. நான் கனடாவுக்கு வந்து உங்கள் வோபர்ன் வீட்டின் பேஸ்மன்றில் மனைவியோடு குடியிருந்த காலம். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்தவன், இங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த விழாவில் யாரோ ஒருவர் என்னைக் காட்டி, தம்பி என்ன செய்கிறார் என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் கையில் கிளாசோடு, முழு மேசைக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னீர்கள்: “உவர் ஊரிலை குளம் கட்டினவர். இஞ்சை கார் நிக்கிற இடத்தைப் பாக்கிறார். தண்ணி வந்தால் எங்களுக்குச் சொல்லுவார்.”

மேசை முழுக்கச் சிரித்தது. நீங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், இங்கே கார் இருக்கை தைக்கிற தொழிற்சாலையில் நின்றீர்கள். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அன்றிலிருந்து உங்களோடு பேசுவதை நிறுத்தினேன்.

ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே தபால்பெட்டி. நீங்கள் படியால் இறங்கினால் நான் அறைக்குள் போவேன். நான் உடுப்புத் தோய்க்க வந்தால் நீங்கள் மேலே ஏறுவீர்கள். எது சொல்வதென்றாலும் அக்கா வழியாகத்தான் போகும், அக்கா வழியாகத்தான் வரும். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. கோபித்துக்கொண்ட இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு பொம்பிளை நின்றால் போதும், வருசக்கணக்கில் சமாளித்துவிடுவோம்.

பிறகு அந்தப் பனிக்கால மாரி வந்தது. ஃபேர்னஸ் நிற்கத் தொடங்கியது.

பற்றும், விசிறி சுற்றும், சூட்டுக் காற்று வரும், கொஞ்ச நேரத்தில் நெருப்பு அணைந்துவிடும். விசிறி மட்டும் சுற்றிச் சுற்றிக் குளிர்காற்றை ஊதும். நெடுநேரம் கழித்துத் திரும்பவும் பற்றும், திரும்பவும் நிற்கும். என் மனைவி பனிச்சட்டையைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். திருத்த வந்தவன் வடிகட்டியையும் ஏதோ ஒரு சின்னப் பாகத்தையும் மாற்றினான். இது கிழட்டு மெசின், புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய வான் வண்டி தெருமுனை திரும்புமுன் அது நின்றது.

நீங்கள் என்னைச் சந்தேகித்தீர்கள். நான் உங்களைச் சந்தேகித்தேன். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ராற் மேலே உங்கள் ஹோலில் இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை மாட்டிப் பூட்டி, திறப்பை உங்கள் கார்த் திறப்போடு கோத்து வைத்திருந்தீர்கள். நீங்கள் வேண்டுமென்றே குறைத்து எங்களைக் குளிரில் போடுகிறீர்கள் என்று நான் நம்பினேன். ஃபேர்னஸ் என் பக்கத்து அறையில் இருந்ததால், நான் வஞ்சகமாக அதன் சுவிச்சை அணைக்கிறேன் என்று நீங்கள் நம்பினீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள், அக்கா, நான் மூவரும் ஃபேர்னஸ் அறைக்குள் நின்றோம். நீங்கள் சாரம் கட்டி, அதற்கு மேலே பனிச்சட்டை, தலையில் கம்பளிக் குல்லா. என் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டீர்கள்.

“உம்மடை தம்பியைக் கேளும், இந்தச் சுவிச்சிலை கை வைச்சவரோ எண்டு.”

“நான் ஏன் வைக்கிறன்? தேர்மோஸ்ராற்றைப் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறவரைக் கேளக்கா.”

“ஏன் பூட்டினது எண்டு சொல்லும். சூட்டைக் கூட்டிவிட்டிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆக்கள் இருக்கினம்.”

“மீன் பொரிக்கேக்கை ஒருக்காத் திறந்தது. அதை இன்னும் எத்தினை வருசத்துக்குச் சொல்லப்போறாராம்?”

அக்கா உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

“நான் என்ன ரெலிபோனோ? ரெண்டு பேரும் ஒரு முழம் தள்ளி நிக்கிறியள். இதுக்கு நான் வேறை. கதைச்சால் கதையுங்கோ, இல்லாட்டி விறைச்சுச் சாவுங்கோ. நான் மேலை போறன்.”

படியில் அக்காவின் கால்கள் ஒவ்வொன்றாக ஏறிப்போன சத்தம் இப்போதும் கேட்கிறது. கதவு அடித்துச் சாத்தியது. நம் இருவருக்கும் நடுவில் அந்த ஃபேர்னஸ் தகரப் பெட்டி மட்டும்தான் மிஞ்சியது.

“இப்ப பத்தும்,” என்றீர்கள் ஃபேர்னஸைப் பார்த்து.

பற்றியது. நீல நெருப்பு வரிசையாக ஓடியது. விசிறி எழும்பியது.

“இப்ப நிக்கும்,” என்றேன் நானும் ஃபேர்னஸிடம்.

நின்றது.

“படிச்ச ஆக்கள் ஏனெண்டு சொல்லலாம்,” என்றீர்கள், மேலே போகிற குழாயிடம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் ஆத்திரத்தோடு யோசிக்கவும் தொடங்கினேன். அடியில் இருக்கிற சின்னச் சுடர் அணையவில்லை, ஆகவே காஸில் பிழையில்லை. விசிறி ஓடுகிறது, ஆகவே மின்சாரத்தில் பிழையில்லை. அந்த மேற்குழாயில் கையை வைத்தேன். சுட்டுவிட்டது. வீடு முழுக்க விறைத்துக்கொண்டிருக்க, இந்தத் தகரம் தோசைக்கல் மாதிரி. சூடு உண்டாகிறது, ஆனால் வெளியே போகவில்லை. உள்ளே சூடு அளவு மீறியதும் ஏதோ ஒரு பாதுகாப்பு விசை நெருப்பை வெட்டுகிறது. ஃபேர்னஸ் பழுதில்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

“மதகு எல்லாத்தையும் பூட்டிப்போட்டுக் குளத்தை நிரப்பினால் என்ன நடக்கும்?” என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“தண்ணி அணைக்கு மேலாலை போகும்,” என்றீர்கள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேராக எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

காற்று வெளியே வருகிற வாய்களைப் பார்க்கப் புறப்பட்டோம். முதலில் எங்கள் பேஸ்மன்ற். கூரையில் இருந்த காற்று வாய்க்குள், அந்த வென்றுக்குள், என் குளியல் துவாயைத் திணித்து, மேலே அகலமான ரேப் ஒட்டியிருந்தேன். நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் குழாய் வழியாக நீங்கள் மேலே கதைப்பதெல்லாம் எங்களுக்குக் கேட்கும். “எஞ்சினியர் துரை எழும்பியாச்சோ?” என்று நீங்கள் அக்காவிடம் கேட்டதும் கேட்டது. அப்படியென்றால் நாங்கள் கதைப்பதும் மேலே கேட்கும் அல்லவா? அதனால்தான் அடைத்தேன். இன்றும் அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

பிறகு மேலே. அந்த மாரியில் நான் உங்கள் மாடிக்கு ஏறியது அதுதான் முதல் தடவை. குசினி வென்றின் மேல் அரிசிச் சாக்குகள். சாமி அறையில், காற்று விளக்கை அணைக்கிறது என்று அக்கா பழைய கலண்டர் மட்டையை வைத்து ஒட்டியிருந்தா. ஹோலில் காற்றுத் திரும்பிப் போகிற பெரிய வாயை மறைத்து சோஃபா. நான் ஒவ்வொன்றாக இழுத்து அகற்ற, நீங்கள் பின்னால் வந்தீர்கள். உங்கள் படுக்கையறை வாசலில் என்னை முந்திக்கொண்டு நின்றீர்கள்.

“உதை நான் பாக்கிறன்.”

“ஏன், அதுக்குள்ளை என்ன?”

உங்களைத் தள்ளாத குறையாக உள்ளே போனேன். கட்டிலில் அக்கா படுக்கிற பக்கம், சுவரோரம் ஒரு சூட்கேஸ். அதை நகர்த்தினேன். வென்றின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு தலையணையையே மடித்து இறுக்கித் திணித்திருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

“எங்களுக்குக் கேக்கக் கூடாதெண்டு அப்பிடி என்ன கதைக்கிறியள்?”

நீங்கள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தீர்கள். குல்லாவைக் கழற்றினீர்கள்.

“நாங்கள் கதைக்கிறது உமக்குக் கேக்கக் கூடாதெண்டு இல்லை. நீர் கதைக்கிறது அவவுக்குக் கேக்கக் கூடாதெண்டு.”

எனக்கு விளங்கவில்லை.

“நீர் துவாயாலை அடைக்க முந்தி எல்லாம் கேட்டது. ஒஷாவாவிலை வீடு பாத்திட்டீராம். நாங்கள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போற வெள்ளிக்கிழமை சாமானை ஏத்திறதாம். அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லையாம், போனாப் பிறகு தெரியட்டுமாம். உம்மடை மனிசி அழுதவ. அதுவும் கேட்டது.”

நான் இழுத்தெடுத்த அந்தத் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அவ குசினியிலை நிண்டபடியால் தப்பினது. அடுத்த நாளே உதை அடைச்சுப்போட்டன். என்னைத் திட்டினதெல்லாம் கேட்டது, அதை விடும். போறதெண்டால் போம், நான் மறிக்கேல்லை. ஆனா சொல்லிப்போட்டுப் போம். வந்து பாக்கேக்கை வெறும் அறையா இருந்தால் அவ தாங்கமாட்டா. உம்மை இஞ்சை கூப்பிடுறதுக்கு அவ ஆர் ஆரிட்டையெல்லாம் கெஞ்சினவ எண்டு உமக்குத் தெரியாது.”

“அப்ப அண்டைக்கு அந்தப் பிறந்தநாள் விழாவிலை நீங்கள் சொன்னது?”

“ஓம், சொன்னனான்.”

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். நீங்கள் குல்லாவைத் திரும்பவும் போட்டுக்கொண்டு எழும்பினீர்கள். ஒரு மனிதன் தன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, திட்டியவன் சொல்லாமல் போகப்போகிற சேதி அவனுடைய தமக்கைக்குப் போய்ச் சேராமல் தலையணையால் அடைத்து வைத்திருந்திருக்கிறான். அதே மனிதனுக்கு ஒரு வார்த்தை பிழையென்று சொல்ல வாய் வரவில்லை. இதில் எதை நான் எடுத்துக்கொள்வது? நீங்கள் சின்னப் புத்திக்காரராக இருந்திருந்தால் உங்களை முழுதாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வசதியையும் நீங்கள் எனக்குத் தரவில்லை.

கீழே ஃபேர்னஸ் பற்றியது. இருவரும் நின்று கேட்டோம். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலடியில் சூட்டுக் காற்று வந்து உங்கள் சாரத்தை அசைத்தது.

“வெளியிலை வாங்கோவன் ரெண்டு பேரும், சூடு வருது!” என்று அக்கா சாமி அறையிலிருந்து கூப்பிட்டா. சாத்திய கதவுக்குப் பின்னால் நாம் என்ன கதைத்தோம் என்று அவவுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே நான் அக்காவிடம் வீடு மாறப்போவதைச் சொன்னேன். அழுதா, ஏசினா, பிறகு நாங்கள் கொண்டுபோக மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கினா. சாமான் ஏற்றிய நாளில் ஃபிரிட்ஜின் பாரமான பக்கத்தை நீங்கள் பிடித்தீர்கள். “பாத்து, கதவு இடிக்கும்” என்றீர்கள். அதற்குப் பிறகும் நமக்குள் அந்த அளவு பேச்சுத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, ஒஷாவா வீடு சூடாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். அக்கா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா.

இன்று தேத்தண்ணியைத் தந்துவிட்டு அக்கா எதிரில் இருந்தா.

“ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு அந்த அறையைச் சாத்திப்போட்டு ரெண்டு பேரும் என்ன கதைச்சனீங்கள்?”

“ஃபேர்னஸைப் பற்றித்தான்.”

“அவரும் உதைத்தான் சொன்னவர். எத்தினை தரம் கேட்டாலும் உது ஒண்டைத்தான் சொன்னவர்.” அக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சிரித்தா. “ஒண்டும் ஒத்துவராத ரெண்டு பேர், உதிலை மட்டும் ஒரே கதை.”

நாம் அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அத்தான். அன்றும் இல்லை, பிறகும் இல்லை. இப்போது அதை வைத்திருப்பதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். அக்கா இன்னும் கேட்பா. ஒவ்வொரு மாரிக்கும் கேட்பா. நானும் ஃபேர்னஸைப் பற்றித்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இருவராகச் சொன்ன பொய்யை என் தலையில் தனியே கட்டிவிட்டுப் போனதற்கும் உங்களில் எனக்குக் கோபம்தான்.