சனிக்கிழமை ஓட்டியவன்

மார்ச் 3, ஞாயிறு

காவல்துறைக் கடிதம். பிப்ரவரி 9, மதியம் 2.40, ஹைஃபாவில் என் கார் சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறதாம். படத்தில் எண் பளிச்சென்று தெரிகிறது. அன்று சனிக்கிழமை. வழக்கம்போல என் தம்பி எல்கானா ஜெபம் முடிந்து நடந்தே வந்து, குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என் சாவியை வாங்கிப் போனான். ஹைஃபாவில் கால்பந்து பார்க்க. ஓய்வுநாளான சபாத் அன்று வண்டியைத் தொடுவதே பாவம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். அவன் கார் மட்டும் அவன் வாசலில் அசையாமல் நிற்கும், பக்தியாக.

மார்ச் 4

என் உரிமத்தில் ஏற்கெனவே குற்றப் புள்ளிகள் இருக்கின்றன. இந்தச் சிவப்பு விளக்குக்கான பத்தும் ஏறினால் நான் ஓட்டும் பள்ளி வேனின் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். வேனில் வரும் என் பதினொரு பிள்ளைகளையும் வேறு யாரோ ஏற்றிப் போவார்கள் — அப்புறம் காலையில் நான் எதற்கு எழுந்திருப்பது? ஓட்டியவன் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் அவன் பேருக்கு மாறிவிடும்.

மார்ச் 6

எல்கானா வந்தான். படத்தைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தான்.

"அபராதத்த நான் கட்டிடறேன் அக்கா. கையெழுத்து மட்டும் கேக்காத. சனிக்கிழமைன்னு போட்டிருக்கே."

சனிக்கிழமை ஓட்டினால் சனிக்கிழமை என்றுதான் போடுவார்கள். ஜெப ஆலய நிர்வாகத் தேர்தலில் நிற்கிறானாம். தேதியை மாற்றித் தரச் சொல்லி எழுதிப் பார்க்கலாமா என்று கேட்கிறான். ஆண்டவனுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, வக்கீலுக்குத் தெரியக் கூடாது. இவனெல்லாம் ஒரு மனுஷன்!

மார்ச் 10

போனை எடுக்கவில்லை.

மார்ச் 12

எடுத்தான். வியாழனுக்குள் கையெழுத்து வராவிட்டால், சனிக்கிழமை ஜெபம் முடிகிற நேரத்துக்குக் காரிலேயே வந்து ஆலய வாசலில் ஹாரன் அடிப்பேன் என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டான்.

மார்ச் 14, வியாழன்

படிவம் வந்துவிட்டது. கையெழுத்தும் இருக்கிறது, வக்கீல் முத்திரையும் இருக்கிறது. அதுவும் அவனோடு ஒரே ஆலயத்தில் ஜெபிக்கிற வக்கீல். இவ்வளவு பதவிசாக இவன் இருந்து நான் பார்த்ததில்லை. என்னவோ பயமாக இருக்கிறது.

மார்ச் 17

விளங்கிவிட்டது. அவன் மனைவி ஷிஃப்ரா ஒரு பானை சூப்போடு வந்து நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், இரண்டு பானைகள்.

"நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டீங்களாமே அண்ணி. ஒரு உசுருன்னா சபாத்தெல்லாம் பாக்கக் கூடாதுன்னு உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருதான் வண்டிய எடுத்தாராம். நேத்து எல்லார் முன்னாடியும் ஆலய குரு ரபியே பாராட்டினாரு."

நான் விழவே இல்லை, அவன் போனது ஆட்டம் பார்க்க என்றேன். பாவம், அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடப்பாவி — ஒரு கையெழுத்துக் கேட்டதுக்கு எனக்கு மாரடைப்பே வர வச்சுட்டியேடா!

மார்ச் 20

வேன் மேற்பார்வையாளர் அவ்ஷலோம் கூப்பிட்டார். அவர் மனைவிக்கும் அதே ஜெப ஆலயம். நடந்ததை எல்லாம் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

"நெஞ்சுவலி வந்தவங்க எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க திர்ஸா. உள்ள பதினோரு பிள்ளைங்க உக்காந்திருக்கு. டாக்டர் சீட்டு வரட்டும்."

சாவியை மென்மையாகத்தான் வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மார்ச் 21

எல்கானாவிடம் கெஞ்சினேன். நான், அவனிடம்! அவ்ஷலோமிடம் மட்டுமாவது உண்மையைச் சொல் என்றேன். தேர்தல் முடியட்டும் என்றான்.

ஏப்ரல் 8

தேர்தல் முடிந்தது. ஜெயித்துவிட்டான். ஜெயித்த கையோடு எப்படிச் சொல்வது என்கிறான்.

மே 5, ஞாயிறு

காவல்துறையிலிருந்து பதில். என் கோரிக்கை ஏற்கப்பட்டது. குற்றமும் புள்ளிகளும் உண்மையான ஓட்டுநர் பெயருக்கு மாறிவிட்டன.

இதய மருத்துவர் கொடுத்திருக்கும் தேதி ஜூலை 16. காலையில் பஸ் பிடித்துப் பள்ளி வரைக்கும் போய் எதிர்ப்பக்கம் நின்றேன். புது ஓட்டுநர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறக்கினான். பதினொரு பெயரும் அவனுக்குப் பாடமாகிவிட்டது.