சரணத்தில் ஏறுகிற குரல்

நகரி,
ஆடி கடைசி வெள்ளி.

அன்புள்ள ரூபாவுக்கு,

தாட்சாயணி எழுதுவது. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். ஹைதராபாத்தில் நீயும் கிரண்குமார் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே?

வாட்ஸப்பில் இரண்டு வரி தட்டி உனக்கு நன்றி சொல்ல மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால், கழுத்து ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாகியும் என் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே எட்டவில்லை. முன்பெல்லாம் நான் ஒரு சத்தம் போட்டால் அடுத்த தெருவிலிருந்து மாமியார் ஓடி வருவார். இப்போது அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ராயல்டி வந்துவிட்டது, ரூபா. பேங்க் மெசேஜைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். நீ வாயே தொறக்காம கீற, பாட்டுக்குப் பணம் வந்துக்கீதே என்று சிரிக்கிறார். ஆதாரும் பாஸ்புக் நகலும் உனக்கு அனுப்பியது அவர்தான். ரேடியோவிலும் டி.வி.யிலும் பாட்டு ஓடினால் பாடினவர்களுக்கும் பங்கு உண்டு, அதை வசூலித்துத் தர ஒரு சங்கம் இருக்கிறது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, கொஞ்சமும் நம்பவில்லை.

குரல் பயிற்சிக்குத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வரச் சொன்னார்கள். கையில் காசு இல்லாமல் நடுவில் நிறுத்தியிருந்தோம். மறுபடி போகத் தொடங்கிவிட்டேன். எல்லாம் உன் தயவு.

ஆனால் நீ செய்தது பணம் வாங்கிக் கொடுத்தது மட்டுமா? நம் பிள்ளையார் பாட்டின் சரணத்தையும் நீதான் பாடினாய் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திருப்பதி ஸ்டுடியோவில் அந்த உயரத்துக்கு உனக்குக் குரல் ஏறவில்லை என்று, பின்பாட்டுக்கு வந்த என்னை மைக் முன்னால் தள்ளினார்கள். எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், சினிமாக்காரி என்று சொல்லிவிடுவார்கள், என் பேர் வேண்டாம் என்று நானே கெஞ்சினேன். அதனால் கேசட் அட்டையில் உன் பேர் மட்டும் வந்தது. அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும், நான் பாடினதற்குச் சங்கத்தில் அத்தாட்சி கேட்டதும், சரணம் பாடியது நான் இல்லை, தாட்சாயணி என்று கைப்பட எழுதிக் கொடுத்தாயே! எந்தப் பாடகிக்கு அந்த மனசு வரும்? உன் இடத்தில் நான் இருந்தால் செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் சொல்ல மாட்டேன், போ.

போன வாரம் திருப்பதி பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். சரணம் வந்ததும் இவர் முன்சீட்டு அம்மாவிடம், இது எங்க வூட்டுக்காரி கொரலும்மா என்றார். அந்த அம்மா என் கழுத்தில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, அது ரூபா பாடினதுப்பா, இன்னா ஒளர்ற என்றாள். இவருக்கு வந்ததே ரோஷம்! நீ எழுதிக் கொடுத்த காகிதத்தின் போட்டோவைப் போனில் தேடி எடுத்து, பஸ்ஸில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ரூபா.

இனி சண்டைக்கு வருகிறேன். சதுர்த்திக்கு, அதுதான் விநாயக சவிதிக்கு, காணிப்பாக்கத்தில் பாடக் கூப்பிட்டதற்கு நீ முடியாது என்றுவிட்டாயாம். கிரண்குமார் அண்ணன் இவரிடம் சொல்லி வருத்தப்பட்டார். இந்தப் பாட்டைத்தான் கேட்பார்கள், சரணம் எனக்கு வராது, உண்மையை எழுதிக் கொடுத்தபிறகு எந்த முகத்தோடு மேடையேறுவது என்று சொல்லி அழுதாயாமே. இனிமேல் எங்கேயும் பாடப் போவதில்லை என்றும் சொன்னாயாம். எனக்கு நல்லது செய்யப்போய் நீ பாட்டையே விட்டுவிட்டால், அந்தப் பணம் எனக்கு எப்படியடி செரிக்கும்?

சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள். அப்படியும் ஏறாத இடத்தில் ஏறாதே, கீழேயே பாடு. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். நானும் இவரும் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருப்போம். சரணம் வரும்போது ஜனங்களைப் பார்க்காதே, என்னைப் பார். எனக்குச் சத்தம் வராது, ஆனாலும் உன் கூடவே பாடிக்கொண்டிருப்பேன்.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வந்து பாடு, ரூபா.

இப்படிக்கு,
உன் தாட்சாயணி